எம் மவன் மொதல்ல அடிப்பான்

நான் துணி வெட்டுகிற மேசையின் மேல், அளவு நாடாவுக்கும் சாக்பீஸ் டப்பாவுக்கும் நடுவில், ஒரு தீப்பெட்டி இருக்கிறது. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் நான் கட்டிங் மாஸ்டர். பீடி, சிகரெட் பழக்கம் எப்போதோ விட்டுப்போனது. சாமி படத்துக்கு விளக்கேற்றுவது ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அக்கா. ஆகையால் அந்தத் தீப்பெட்டிக்கு என் மேசையில் ஒரு வேலையும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், “என்ன மாஸ்டர், புதுசாப் பழகிட்டியளா?” என்று கேட்கிறார்கள். “ஆமா, அம்பது வயசுக்கு மேல கெட்டுப் போலாம்னு இருக்கேன்” என்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை என்பது நான் பதினேழு வயதிலேயே கண்டுபிடித்த தொழில் ரகசியம்.

விஷயம் இதுதான். எனக்குத் தீ என்றால் பயம். கூச்சம், ஒவ்வாமை என்றெல்லாம் நாகரிகமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. சுத்தமான, கலப்படமில்லாத பயம். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டாலே என் கால் என்னிடம் கேட்காமல் ஓரடி பின்னால் போய்விடும். இதில் பெரிய வேடிக்கை நான் பிறந்த சீமை. கோவில்பட்டியைச் சுற்றிக் கரிசல்காட்டில் மழை ஏமாற்றிய வருடங்களில் எல்லாம் ஊர் ஊராகச் சோறு போட்டது தீப்பெட்டிதான். எங்கள் வீட்டிலும் அம்மா பெட்டி ஒட்டினாள். வெறும் பெட்டி என்றால் எனக்கு ஒன்றும் இல்லை, அந்தக் குவியலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். உள்ளே குச்சி போய்விட்டால் அது பாம்புப் பெட்டி. வலை வீசுகிறவர் மகன் தண்ணீரைக் கண்டு பயப்படுகிற மாதிரியான இந்தச் சங்கதியை வெளியே சொல்ல முடியுமா? அதுவும் ஊரையே நடுங்க வைக்கிற ரவுடி என்று பேர் வாங்க ராப்பகலாக உழைத்துக்கொண்டிருந்த ஒரு பையன்?

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் பக்கம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். அந்த ஊரின் தறுதலைகளில் ஒருவன் நான். இன்னொருவன் பெரியப்பா மகன், எனக்கு மூன்று வயது மூத்தவன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் மொத்தமே இரண்டு பேர்தான். ஆனால் ஊர் எங்களைக் ‘கும்பல்’ என்றது. அதில் எங்களுக்குத் தலை கொள்ளாத பெருமை. நாங்கள் தெருவில் திரும்பினால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். சலூன் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்றார்கள், மரியாதைக்காக இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் எங்களுக்கு இலை கடைசியில்தான் விழும். விழுந்தாலும் பாயசம் வராது. ஒருமுறை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் டீ குடிக்கப் போன நேரம், இரண்டு டவுன் பஸ்களின் ஊர்ப் பலகைகளை மாற்றிச் சொருகிவிட்டோம். பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு குடும்பம் பூ, பழத்தோடு வேறொரு ஊரில் போய் இறங்கியது. அந்தச் சம்பந்தம் கடைசியில் தப்பான ஊரிலேயே அமைந்துவிட்டது என்று அண்ணன் சத்தியம் செய்வான். வெறும் வாய்ச் சத்தியம். சூடத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டிய அவசியம் அவனுக்கு வரவே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எனக்குத் தீக்குச்சி ஆகாது என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நான் முப்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பீடியையும் தன் வாயில் வைத்துப் பற்றவைத்து ஒன்றை என்னிடம் நீட்டுவான். “ஏலே, ஒனக்குப் பொண்டாட்டி வந்த பெறவும் நாந்தாம்லே பத்தவச்சுத் தரணும் போல” என்பான். கேலி அதோடு சரி. வேறு யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அந்த ஒன்றுக்காகவே அவனுக்கு உயிரைக் கொடுத்திருப்பேன். உயிரை யாரும் கேட்கவில்லை, மானத்தைத்தான் கேட்டார்கள்.

ஊரில் கிணற்றில் தண்ணீர் நின்ற ஒரே ஆளைப் பம்புசெட்டுக்காரர் என்போம். அவருடைய களத்தில் சோளத்தட்டையை அடுக்கி வீடு உயரத்துக்குப் படப்பு போட்டிருந்தார். அடுத்த மழை வரைக்கும் அவர் மாடுகளின் சாப்பாடு அதுதான். பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அது எரிந்தது. நான் வற்றிப்போன கண்மாய்க்குள் கருவேல நிழலில் தூங்கிக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டு எழுந்து மேட்டில் ஏறிப் பார்த்தால், வானத்துக்கும் பூமிக்குமாக நெருப்பு. ஊரே குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு படப்பைப் பார்த்து ஓடியது. நான் மட்டும் எதிர்த்திசையில் ஓடினேன். கரிசல் வெடிப்புக்குள் ஒரு செருப்பு போய்விட்டது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. வாழ்க்கையில் நான் ஓடிய ஓட்டங்களிலேயே அதுதான் அழகான ஓட்டம். துரதிருஷ்டம், அதை ரசித்துப் பார்க்க நாலைந்து பேர் இருந்தார்கள். மறுநாள் அது சாட்சியம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னைத் தேடி வந்தான். “பீடித்துண்ட அணைக்காமப் போட்டுட்டேம்லே. வேணும்னு போடல. அடுத்த மாசம் போலீஸ் செலக்‌ஷன். வெளிய தெரிஞ்சா எங் கத முடிஞ்சுது. சொல்லிராத” என்றான். “சொல்ல மாட்டேன், நீ பயப்படாத” என்றேன். பயப்படுகிறவன் அவனாகவும் தைரியம் சொல்கிறவன் நானாகவும் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காளியம்மன் கோவில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் நாங்கள் இருவரும். பம்புசெட்டுக்காரர் கத்தித் தீர்த்தார். “எம் மாடு ரெண்டும் இனிமே என்னத்தத் திங்கும்? இந்தப் பயலுவ தலமயித்தையா?” எங்கள் இருவருக்கும் அப்போது காதை மூடுகிற முடி. மாட்டுக்கு ஒரு வாரம் வரும். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. நாங்கள் செய்யவில்லை என்று இருவரும் சொன்னோம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “வேற யாரு செய்வா? பத்துப் பேரு தண்ணியத் தூக்கிட்டு ஓடுதாவ, இவன் கண்மாயப் பாத்து ஓடுதான். எதுக்கு ஓடுனாம்னு கேளுங்க” என்றது. ஏன் ஓடினேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணனைப் பார்த்தேன். ‘அவனுக்குத் தீக்குச்சி கிழிக்கவே வராது, அவன் எங்கே படப்பைக் கொளுத்த?’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் சிரித்துவிட்டுக் கலைந்திருக்கும். அவன் கோவில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல.

அப்போதுதான் அய்யா எழுந்தார். எங்கள் அய்யா ஊர்க்கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. வீட்டிலேயே பேசுகிறவர் இல்லை. உழவு மாட்டோடு பேசுவார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், “அவன்ட்ட சொல்லு” என்பார். அந்த மனிதர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“எதுக்கு வளவளன்னு பேச்சு? ரெண்டு பேரும் சூடம் அடிக்கட்டும். எம் மவன் மொதல்ல அடிப்பான்.”

சூடம் அடிப்பது என்றால் சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்து அணைத்து, ‘நான் செய்யவில்லை’ என்று சொல்வது. பொய் சொல்கிறவன் கை சூடத்தில் இறங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுடாது, ஒரு நொடி வேலைதான் என்று அடித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்போது சூடம் கண்ணில் படவில்லை. ‘எம் மவன்’ என்றாரே, அதுதான் காதில் நின்றது. இத்தனை பேர் முன்னால், தறுதலை என்று பேர் வாங்கிய என்னை, எம் மவன் என்றார். அதுவும் முதலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடம் படப்பையே எடுத்து உள்ளங்கையில் வைத்து அணைக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். சொல்லியிருப்பேனே ஒழியச் செய்திருக்க மாட்டேன் என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது.

பூசாரி ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து வைத்து, அதன் மேல் சூடத்தை ஏற்றினார். “கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லாருக்கும்” என்றேன். சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. கையை ஓங்கினேன். கை பாதி தூரம் போய், என்னமோ மறந்துவிட்ட மாதிரி, திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அம்மனை வேண்டிக்கொண்டு, முழுப் பலத்தோடு அடித்தேன். பக்கத்தில் இருந்த திருநீற்றுத் தட்டில் விழுந்தது அடி. சாம்பல் எழும்பிப் பூசாரி மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. சூடம் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. “அடிலே!” என்றது ஒரு குரல். “அடிக்க மாட்டான், கை வராது” என்றது இன்னொன்று. அய்யா ‘மொதல்ல அடிப்பான்’ என்று சொல்லியிருக்கிறாரே, எப்படியாவது இது அணைந்தால் போதும் என்ற ஒரே நினைப்பு. குனிந்து, கன்னம் இரண்டும் புடைக்க மூச்சை இழுத்து, ஊதிவிட்டேன்.

அணைந்தது. சாமிக்கு முன்னால் ஏற்றிய சூடத்தை எச்சில் வாயால் ஊதி அணைத்த ஒரே மனிதன் எங்கள் வட்டாரத்தில் நானாகத்தான் இருக்க வேண்டும். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி, “போதும், அம்மன் காட்டிக் குடுத்துட்டா” என்று செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. ஒருவன் குற்றவாளி என்று தெரிந்த பிறகு இன்னொருவன் எதற்குக் கை சுட வேண்டும்? தீக்குச்சி கிழிக்கத் தெரியாதவன் படப்பைக் கொளுத்தினான் என்று தீர்ப்பாகி, சாமி குற்றமும் கூடவே சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து எனக்கு ஊரில் ‘ஊதி’ என்று பேர். சின்னப் பிள்ளைகள்கூட, “ஏலே ஊதி” என்று கூப்பிட்டுவிட்டு ஓடின.

வீட்டுக்கு வந்ததும், கொடுத்த வாக்கை உடைத்து, அய்யாவிடம் சொன்னேன். “அண்ணந்தான். அவனே எங்கிட்ட சொன்னான்.” அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “சாமி முன்னால நின்னது நீ. அவன் இல்ல” என்றார். பக்கத்தில் அம்மா, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல் நின்றாள். மறுநாள் அய்யா எங்கள் வீட்டுப் படப்பில் பாதியைப் பிரித்து வண்டியில் ஏற்றிப் பம்புசெட்டுக்காரர் களத்தில் இறக்கினார். அடுத்த வாரம் தெரிந்தவர் ஒருவரோடு என்னைப் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்கு அனுப்பிவைத்தார். பஸ் புறப்படும்போது, “ஒழுங்கா இரு” என்றார். அம்மா வழியாக இல்லாமல் நேராக என்னிடமே சொன்னார்.

அண்ணன் செலக்‌ஷனுக்குப் போனான், தேறினான். ஆனால் போலீஸில் போடவில்லை, தீயணைப்பில் போட்டார்கள். படப்பைக் கொளுத்தியவனுக்குச் சிவப்பு வண்டியும் மணியும் தொப்பியும். இதைக் கேள்விப்பட்ட அன்று சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த நான் சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது. அவனோடு நான் பிறகு பேசவே இல்லை. கல்யாண வீடுகளில் அவன் இந்தப் பக்கம் வந்தால் நான் கை கழுவப் போய்விடுவேன். கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவனை வெறுப்பதில் எனக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் பல் தேய்ப்பது மாதிரி. அய்யா விஷயத்தில் மட்டும் எனக்குக் குற்ற உணர்ச்சி. ஊர் முழுக்கக் கைவிட்ட நேரத்தில் என்னை நம்பி எழுந்து நின்றவர். அவர் நம்பிக்கையை ஊதி அணைத்தவன் நான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்குச் சட்டை நானே வெட்டித் தைத்தேன், பீடிக்கட்டு தாராளமாக நுழைகிற மாதிரி பை வைத்து. என் மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: “எங்கய்யா என்னைய நம்புனாவ. நாந்தான் கெடுத்துட்டேன்.” நான் ஓரளவு யோக்கியமாகப் பிழைத்ததற்கு ஏதாவது காரணம் உண்டென்றால் அந்த ஒரு வாக்கியம்தான். கடை மூடிய பிறகும், பஸ்ஸில் ஜன்னல் ஓரத்திலும் அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொள்வேன். எம் மவன் மொதல்ல அடிப்பான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மழை பெய்து கரிசல் கறுகறுவென்று கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் ஒவ்வொரு செருப்புக்கு அடியிலும் ஒரு கிலோ மண். அய்யா வாசலில் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது. கை நடுக்கம். வாயில் பீடி. மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினார், குச்சி ஒடிந்தது. இன்னொன்று, அதுவும் ஒடிந்தது. “ஏலே, இதப் பத்தவச்சுக் குடு” என்று பெட்டியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு என் கால் ஓரடி பின்னால் போனது. அதைப் பார்த்தார். பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

“அட, மறந்துட்டேன் பாரு. ஒனக்குத்தான் தீன்னாலே ஆகாதுல்லா. அஞ்சு வயசுல கையச் சுட்டுக்கிட்ட பெறவு தீப்பெட்டியக் கண்டாலே டவுசர்லயே போயிருவ. போயி ஒங்கம்மையக் கூப்பிடு.”

நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு எப்போதும் யோசனைக்கு முன்னால் வந்துவிடும். அது முடிந்த பிறகுதான் உள்ளே என்னவோ இடறியது.

“இது ஒங்களுக்கு எப்பருந்துய்யா தெரியும்?”

“எப்பருந்துன்னா? சுட்ட கைய மோர்ப்பானைக்குள்ள முக்குனதே நாந்தான.”

“அப்ப அன்னைக்கு எதுக்குய்யா, எம் மவன் மொதல்ல அடிப்பாம்னு சொன்னிய?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். வாயிலிருந்த பீடியை எடுத்துக் கையில் உருட்டினார். மறதி என்று நடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. நடித்திருந்தால் அவருக்கு நல்ல சட்டையாக இன்னும் பத்துத் தைத்துக் கொடுத்திருப்பேன். நடிக்கவில்லை.

“அவந்தாம்னு அவன் மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது. அவனுக்கு சர்க்கார் வேல வார நேரம். பொய்ச் சத்தியம் பண்ண வச்சா அம்மன் சும்மா விடுவாளா? ஒனக்கு என்ன வார இருந்துச்சு? பஸ்ஸுப் பலகைய மாத்திக்கிட்டுத் திரிஞ்ச பய” என்றார். பிறகு, என்னை மேலும் கீழும் பார்த்து, “இப்ப நல்லாத்தான இருக்க?” என்றார்.

முப்பது வருடமாக நான் ‘எம் மவன்’ என்ற வார்த்தையில் குடியிருந்திருக்கிறேன். அவர் ‘மொதல்ல’ என்ற வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். நான் முதலில் போனால் அண்ணன் போக வேண்டியிருக்காது. அவ்வளவுதான் அந்தப் பெருமை. அண்ணன் வெறுமனே வாயை மூடிக்கொண்டிருந்தான். பத்தொன்பது, இருபது வயதுப் பையன், பயந்துவிட்டான். பயத்தைப் பற்றி எனக்கா தெரியாது? வாயைத் திறந்தவர் அய்யா.

சண்டை போட்டிருக்கலாம், அதற்கெல்லாம் ஒரு தைரியம் வேண்டும். என்னால் முடிந்தது ஒன்றுதான். தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்” என்று நடந்துவிட்டேன். பழிவாங்கியாயிற்று என்ற கம்பீரம் பஸ் ஏறும் வரைதான். முதல் குழியில் பஸ் குலுங்கியதும், குச்சி நிறைந்த பெட்டி நெஞ்சுக்கு நேரே இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. உரசிப் பற்றிக்கொண்டால்? கோவில்பட்டி வரைக்கும் அதை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் பக்கமாக நீட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், “என்ன அண்ணாச்சி, உள்ள தேளா?” என்றார்.

அப்படி வந்து சேர்ந்த பெட்டிதான் இது. நேற்று அம்மா போன் செய்தாள்.

“எய்யா, ஒங்கய்யா தீப்பெட்டியக் காணலன்னு அன்னையிலருந்து வீட்டையே பொரட்டுதாவ. வேற வாங்கிக் குடுத்தா வேண்டாங்காவ, அதுதான் வேணுமாம். நீ எதும் எடுத்தியா?”

“நான் எடுக்கலம்மா.”

“நெசமாவா?”

“வேணும்னா சூடம் அடிக்கேன்.”

அம்மா, சாதாரணமாக, பாசமாக, எனக்காக வாதாடுகிற குரலில் சொன்னாள்:

“நீ எங்க எடுக்கப் போற? ஒனக்குத்தான் தீன்னாலே ஆகாதே. இது யாருக்குத் தெரியாது?”

கோவில் முன்னால் அன்று பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் நின்றிருந்தாள் அம்மா. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான். ஒரு எழுத்துக்கூடக் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

“ஆமாம்மா” என்றேன். “எனக்குத்தான் ஆகாதே.”

போனை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். குச்சிகள் கலகலவென்றன. ஓவர்லாக் அக்கா தலையைத் தூக்கி, “என்ன மாஸ்டர், எதுக்குப் பின்னால போறிய?” என்று கேட்டாள்.